முன் ஃபோர்க்கின் வரலாறும் இறுகிய பாகங்களைக் கழற்றும் தொழிலும்

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கிப் பிடித்து, சாலையின் அதிர்வு கைப்பிடிக்கு ஏறாமல் வாங்கிக்கொள்ளும் அமைப்பை மெக்கானிக்குகள் ஃபோர்க் என்பர். இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் பெரும்பாலான வண்டிகளில் இருந்தது கர்டர் ஃபோர்க் எனப்படும் சட்ட வடிவ அமைப்பாகும். இரும்புச் சட்டம் ஒன்று சிறு இணைப்புக் கைகளால் வண்டியின் தலைப்பகுதியோடு கோக்கப்பட்டிருக்கும். நடுவே ஒரு சுருள்வில் நிற்கும். கைகள் அசையும் இடங்களில் குறுக்குத்தண்டுகள் இருக்கும். கிரீஸ் வைக்கத் தவறினால் அத்தண்டுகள் துருவேறி இறுகும் என்றாலும், இறுகியது எது என்பது வெளிப்பார்வைக்கே தெரிந்துவிடும் ஆதலால், ஓரளவு கைப்பழக்கம் உள்ள எவரும் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து அவற்றைத் தட்டியெடுக்க முடிந்தது.

இந்த நிலையை மாற்றியது குழாய்க்குள் குழாய் ஏறியிறங்கும் டெலஸ்கோபிக் ஃபோர்க். குழாய் வடிவ ஃபோர்க்குகளை இங்கிலாந்தின் ஸ்காட் போன்ற நிறுவனங்கள் முன்பே முயன்றிருந்தாலும், எண்ணெயின் தடுப்பால் வில்லின் துள்ளலை அடக்கும் முறையை விற்பனை வண்டியில் முதன்முதலில் கொண்டுவந்தது 1935-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் வெளியிட்ட ஆர்12, ஆர்17 வண்டிகளே. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல், பிரிட்டிஷ் படைக்காக உருவான மேட்ச்லெஸ் ஜி3/எல் வண்டி இதே வழியில் அமைந்த ஃபோர்க்கைப் பெற்றது. போர் முடிந்ததும் ட்ரையம்ஃப், நார்ட்டன், பி.எஸ்.ஏ., ராயல் என்ஃபீல்டு என ஏனைய பிரிட்டிஷ் நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இதற்கு மாறின. ஓட்டுபவருக்குக் கிடைத்த சுகம் பெரிது. ஆனால் பழுது பார்ப்பவருக்கு வேலையின் தன்மையே மாறிவிட்டது: வில், குழாய்களைத் தாங்கி வழிநடத்தும் புஷ், எண்ணெய் கசியாமல் காக்கும் ஆயில் சீல், துள்ளலை அடக்கும் தடுப்புத்தண்டு ஆகிய அனைத்தும் குழாய்க்குள் மறைந்துபோனதால், உள்ளே எது எதைப் பிடித்திருக்கிறது என்பதை அறியாதவர் கையில் சுத்தியல் ஆபத்தான கருவியாயிற்று.

பாகங்கள் இறுகுவதற்குத் துரு ஒன்றே காரணம் என்று கருதுவது பிழை. எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால், இரண்டுக்கும் இடையே நுண்ணிய மின்வேதி வினை நிகழ்ந்து அலுமினியம் அரிக்கப்படுகிறது. அவ்வாறு உண்டாகும் வெண்ணிறப் பொடி, தான் தோன்றிய உலோகத்தைக் காட்டிலும் கூடுதலான இடத்தை அடைத்துக்கொள்வதால், மரைகளுக்கு இடையே ஆப்பு அடித்தாற்போல் இறுகுகிறது. இதற்கான மருந்தும் அவ்விரு உலோகங்களின் இயல்பிலேயே உள்ளது. வெப்பத்தால் எஃகு விரிவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு அலுமினியம் விரியும் ஆதலால், வெளிப்பக்கம் அலுமினியமாகவும் உட்பக்கம் எஃகாகவும் உள்ள இணைப்பில் துணியைச் சுற்றிக் கொதிநீரை ஊற்றினால், வெளிப்பாகம் முந்தி விரிந்து பிடி தளரும். தீச்சுடரைக் காட்டுவோரும் உண்டு. உள்ளே எண்ணெய் தங்கியிருக்கும் குழாயில் அது பற்றிக்கொள்ளும் அபாயம் இருப்பதோடு, சூடு ஓரிடத்தில் குவிந்து வார்ப்பு கோணவும் கூடும் என்பதால் அதைத் தவிர்ப்பதே முறை.

இவை காலம் செய்த இறுக்கங்கள். வடிவமைத்தவரே வேண்டி வைத்த இறுக்கமும் உண்டு. இதில் நிறுவனத்துக்கு நிறுவனம் இருந்த வேறுபாடே இத்தொழிலின் மிக நுட்பமான பகுதி. நார்ட்டனின் ரோடுஹோல்டர் ஃபோர்க்கிலும் ட்ரையம்ஃபின் ஃபோர்க்கிலும், அசையாமல் நிற்கும் எஃகுக் குழாயின் தலை சற்றே கூம்பாகக் கடையப்பட்டிருக்கும். இரு குழாய்களையும் இணைத்து நிற்கும் மேல் பிடிப்பில் அதே சரிவோடு அமைந்த துளைக்குள், உச்சி நட்டு அக்குழாயை இழுத்து இறுக்கிவைக்கும். கீழ்ப் பிடிப்பில் ஒரு போல்ட் குழாயைக் கவ்வியிருக்கும். இதைக் கழற்றும்போது கீழ்ப் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, உச்சி நட்டை முழுதும் எடுக்காமல் சில சுற்று மட்டும் தளர்த்தி, அதன் தலைமேல் மரச் சுத்தியாலோ தோல்முகச் சுத்தியாலோ ஓங்கி ஓர் அடி கொடுத்தால், கூம்பின் பிடி விட்டுக் குழாய் இறங்கும். இங்கே அடிப்பது முரட்டுத்தனம் அன்று. இணைப்பின் இயல்பை அறிந்து செய்யும் முறையான வேலை.

இதே அடியை ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் தலையில் கொடுத்தால் விளைவு பெரும் நட்டமாகும். 1950-களின் நடுவிலிருந்து புல்லட்டின் முகப்பு விளக்கையும் வேகமானியையும் தாங்கும் ஒரே அலுமினிய வார்ப்பு ஃபோர்க்கின் மேல் பிடிப்பாகவும் பயன்பட்டது. எஃகுக் குழாயின் உச்சியில் வெட்டிய நெருக்கமான மரை அந்த வார்ப்புக்குள் நேரடியாகத் திருகப்பட்டிருந்தது. கூம்பு இல்லாத இடத்தில் விழும் அடி முழுவதையும் அலுமினிய மரையே தாங்க வேண்டியிருப்பதால், மரை சிதைந்து, விலை மிகுந்த வார்ப்பு முழுவதும் பாழாகிறது. கீழ்ப் பிடிப்பின் போல்ட்டைத் தளர்த்தி, அதன் பிளவைச் சற்றே ஆப்பு வைத்து விரித்து, எண்ணெய் ஊறவிட்டு, வார்ப்பைச் சூடேற்றி, குழாயை நேராகத் திருகி இறக்குவதே இதற்கு வழி. அப்படித் திருகுவதற்குக் குழாயில் பைப் ரெஞ்சைப் பூட்டினால், அதன் பற்கள் பதிந்த வடு ஆயில் சீலின் உதட்டை அறுத்துவிடும். வேறு வழியே இல்லாதபோது, சீல் ஏறியிறங்காத மேல் பகுதியைப் பிடிக்கலாம்.

இந்தப் புல்லட்டோடு இத்தொழிலும் சென்னைக்கு வந்தது. சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு 1952-இல் இந்தியப் படையிடமிருந்து புல்லட்டுகளுக்கான ஆணை கிடைத்ததும், 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானதும், மறு ஆண்டே திருவொற்றியூரில் வண்டிகள் பூட்டப்படலானதும் பலரும் அறிந்தவை. தாய் நிறுவனம் 1970-இல் உற்பத்தியை முற்றிலும் நிறுத்திய பின்னரும் திருவொற்றியூர் ஆலை அதே ஃபோர்க்கைத் தொடர்ந்து செய்துவந்தது. 1977-இல் அவ்வண்டியை இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் செய்தது. ஆக, 1950-களில் பிறந்த ஓர் இணைப்பைக் கழற்றும் அறிவு, பிறந்த ஊரில் பழம்பொருள் ஆர்வலர்களின் வேலையாகச் சுருங்கியபோது, சென்னையில் அன்றாடப் பிழைப்பாகவே நீடித்தது.

இந்தத் தொடர்ச்சியில் ஸ்பானர் அளவும் ஒரு சிக்கலாக இருந்தது. ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த பிரிட்டிஷ் மரை முறையில், ஸ்பானரின் மேல் பொறித்த எண் போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கும். மெட்ரிக் ஸ்பானரின் எண்ணோ நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான அகலத்தைக் குறிக்கும். இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறிய பின் பழைய வண்டிகளின் நட்டுகளில் கிட்டத்தட்டப் பொருந்தும் மெட்ரிக் ஸ்பானர்களைப் போட்டுத் திருகியதால், எத்தனையோ நட்டுகளின் ஆறு முனைகளும் மழுங்கி, இறுகாத பாகமும் கழற்ற முடியாததாயிற்று. பழைய புல்லட் மெக்கானிக்குகள் விட்வொர்த் ஸ்பானர் செட்டைப் பொன்போல் காத்துவந்ததில் வியப்பில்லை.

ஜப்பானிய வடிவமைப்புகள் வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தன. 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி 100 சி.சி. வண்டிகள் வெளிவரத் தொடங்கிய காலத்தில் பரவிய இவ்வகை ஃபோர்க்குகளில், கீழ்க்குழாயின் அடியிலிருந்து ஏறும் ஓர் ஆலன் போல்ட், உள்ளே நிற்கும் தடுப்புத்தண்டைப் பிடித்திருக்கும். போல்ட்டைத் திருகினால் தண்டும் கூடவே சுழலும். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் கழலாது. இதற்கென ஆலைகள் நீண்ட பிடிகருவியைத் தந்தன. அது இல்லாதோர் துடைப்பக் கட்டையின் முனையைக் கூம்பாகச் சீவி, மேலிருந்து குழாய்க்குள் நுழைத்துத் தண்டின் வாயில் அழுத்திப் பிடிக்கின்றனர். இன்னொரு வழி, ஃபோர்க்கைக் கழற்றுவதற்கு முன்பே, உள்ளே வில்லின் அழுத்தம் தண்டைப் பிடித்திருக்கும் நிலையில் அடிப் போல்ட்டைத் தளர்த்திவிடுவது. வேலையின் வரிசையை மாற்றினாலே கருவியின் தேவை இல்லாமற்போகும் இந்த உத்தி, விலைகொடுத்து வாங்கும் எந்தக் கருவிக்கும் குறைந்ததன்று. அடுத்து, மேல் புஷ் கீழ்க்குழாயின் வாயில் இறுகியிருக்குமானால், சீலின் பூட்டு வளையத்தை எடுத்துவிட்டு இரு குழாய்களையும் சேர்த்துத் தள்ளிப் பின் விசையோடு இழுக்க, உட்குழாயின் முனையிலுள்ள புஷ் மேல் புஷ்ஷை மோதி, சில இழுப்புகளில் அதைச் சீலோடு வெளியே கொண்டுவரும். நார்ட்டனின் பழைய ஃபோர்க்கிலும் கிட்டத்தட்ட இதே முறைதான். உச்சி மூடியைக் கடைசிச் சுற்றுகளில் கைகொண்டு அழுத்திப் பிடிக்காமல் திருகினால், வில் அதை முகத்தை நோக்கி எறியும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இவ்வறிவின் பெரும்பகுதி, ஆலைகள் அச்சிட்ட பழைய கைநூல்களிலும் தெருவோர மெக்கானிக்குகளின் கைப்பழக்கத்திலுமாகப் பிரிந்து கிடக்கிறது. கைநூலில் கருவியின் எண் இருக்கும், துடைப்பக் கட்டை இராது. எந்த வண்டியில் அடிக்கலாம், எதில் திருகவே வேண்டும், எங்கே கொதிநீர் போதும் என்பதை நிறுவனவாரியாக, மெக்கானிக்குகள் வழங்கும் சொற்களிலேயே பதிவுசெய்யும் வேலையைத் தொழிற்பயிற்சி நிலையங்களின் ஆசிரியர்கள், பழைய புல்லட்டுகளைப் பிரித்துப் பூட்டிய மூத்த தொழிலாளர்கள் வேலையில் இருக்கும்போதே மேற்கொள்ள வேண்டும்.