உறுதி எப்போது கேட்கப்பட்டது?

செட்டிகுளம் எண்டால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வாறது மெனிக்பாம். 2009இல் காடு வெட்டி, இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் எண்டு தமிழ்ப் பெயர் வைத்த வலயங்களுக்குள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தை அடைத்தார்கள். 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. வன்னிக்குத் திரும்பிய சனத்துக்கு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபா. காசு கட்டம் கட்டமாக வரும், கட்டுறது நீங்கள்தான்.

ஆனால் வீட்டுக்குக் காணி வேணும். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து, வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் பலவற்றிடம் உறுதியும் இல்லை, பெர்மிட்டும் இல்லை. அவையும் அந்த முகாமில் இருந்த சனம்தான்.

அடைக்கும்போது ஒருவரும் உறுதி கேட்கவில்லை. வீடு தரும்போதுதான் கேட்டார்கள்.