டிஸ்க் இருக்கு, படிக்க மெஷின் இல்லை

இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் ஆணைப்படி 1086-ல் எடுத்த நிலக்கணக்கு ‘டூம்ஸ்டே புக்’. செம்மறித் தோலில் எழுதியது. லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இன்றும் இருக்கு, படிக்கவும் முடியுது.

அதன் 900-வது ஆண்டுக்காக பிபிசி 1986-ல் ஒரு புது டூம்ஸ்டே தயாரித்தது. பத்து லட்சம் பேருக்கு மேல் பங்கெடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊரைப் படமெடுத்து, குறிப்பெழுதி அனுப்ப, எல்லாம் லேசர் டிஸ்க்கில் ஏறியது. பதினைந்தே வருஷத்தில் சிக்கல். டிஸ்க் நல்லாத்தான் இருந்தது. அதை ஓட்டும் பிளேயரும் கம்ப்யூட்டரும் வழக்கொழிந்துபோயின. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் போலவே இயங்கும் மென்பொருள் எழுதி 2002-ல் அதை மீட்டார்கள். 2011-ல் பிபிசி இணையத்தில் ஏற்றியது. 2018-ல் அந்தத் தளமும் மூடியாச்சு. ஆவணக்காப்பகம் நகலெடுத்து வைத்ததால் தப்பியது.

நம் ஓலைச்சுவடிகளும் இப்படித்தான் பிழைத்தன. செல்லரிக்கும் முன்னால் தலைமுறைதோறும் யாரோ பெயர்த்தெழுதினார்கள்.

அப்பா போன பிறகு அவர் முகம் எங்களுக்கு மிஞ்சியிருப்பது படங்களில்தான். மூன்று பிரதி வைத்திருக்கிறேன்: லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, ஊரில் அக்கா வீட்டில் ஒன்று. வருஷா வருஷம் பொங்கல் லீவில் மூன்றையும் திறந்து பார்ப்பேன். டிஸ்க் பழசானால் புதுசுக்கு மாற்றிவிடுவேன். நீங்க கடைசியா எப்போ திறந்து பார்த்தீங்க?