பத்துக் கட்டளைகளைத் திரையில் தந்தவர்

போலந்து இயக்குநர் கிறிஸ்டோஃப் கீஸ்லோவ்ஸ்கி 1941 ஜூன் 27 அன்று வார்சாவில் பிறந்தார். லோட்ஸ் திரைப்படக் கல்லூரியில் பயின்று, கம்யூனிச ஆட்சிக் காலத்தில் எளிய மக்களின் வாழ்வை ஆவணப்படங்களாக்கினார். பின்னர், வழக்கறிஞர் கிறிஸ்டோஃப் பியசேவிச்சுடன் இணைந்து எழுதி, பத்துக் கட்டளைகளை அடித்தளமாகக் கொண்ட 'டெக்கலாக்' என்னும் பத்துப் படங்களைத் தொலைக்காட்சிக்காக இயக்கினார்.

முதல் படத்தில், உறைந்த ஏரி தன் மகனைத் தாங்கும் என்று கணினியில் கணக்கிட்டு நம்புகிறார் ஒரு தந்தை. பனி உடைகிறது, சிறுவன் இறக்கிறான். துயரம் தாளாத தந்தை, கட்டி முடிக்கப்படாத ஆலயத்தில் பீடத்தையே தள்ளிவிடுகிறார். சிந்திய மெழுகு, அன்னை மரியாவின் திருவுருவப் படத்தில் கண்ணீராய் வழிகிறது. கோபத்தோடு வந்தவருக்காகவும் தாய் அழுகிறார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

கீஸ்லோவ்ஸ்கி தவறாமல் ஆலயத்திற்குச் சென்றவர் அல்லர். ஆயினும், திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995-ல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் 'டெக்கலாக்' இடம்பெற்றது. 1996 மார்ச் 13 அன்று, இதய அறுவை சிகிச்சைக்குப்பின் தமது 54-ஆம் வயதில் அவர் காலமானார்.

மறைக்கல்வி வகுப்பில் கட்டளைகளை நாம் மனப்பாடம் செய்தோம். "உன் கடவுளாகிய ஆண்டவர் நாமே" என்னும் முதல் கட்டளையை இன்று எதன்மீது நம்பிக்கை வைத்து மறக்கிறோம்? சிந்திப்போம்.