வில்லுக்கேற்ற அம்பு

அல்குர்ஆனின் 8:60 வசனம் கூறும் ‘பலம்’ அம்பெய்தலே என நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் விளக்கியதை அறிவித்தவர் உக்பா இப்னு ஆமிர் (ரலி). எகிப்தின் ஆளுநராகவும் இருந்த அவர், முதுமையிலும் இரு இலக்குகளுக்கிடையே நடந்து அம்பெய்து பழகினார்.

பின்னாளில் எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் இதனை நுட்பமான கலையாகவே வளர்த்தனர். 14ஆம் நூற்றாண்டில் தைபுகா என்பவர் அரபியில் இதற்கெனத் தனிநூல் இயற்றினார். வில்லின் வலிமைக்கேற்ப அம்பு அமைய வேண்டும் என்பது அக்கலையின் அடிப்படை. அம்பு மிக இலகுவாயின் வில்லின் விசையை முழுமையாக ஏற்காது. எஞ்சிய விசை வில்லையே முறிக்கக்கூடும். மிகக் கனமாயின் விரைவில் தாழ்ந்துவிடும். தண்டு அளவுக்கு மீறி வளைந்தாலும், வளையாது விறைத்து நின்றாலும் குறி பக்கவாட்டில் தவறும்.

உஸ்மானியரும் இவ்வளவறிந்து, தொலைவுப் போட்டிக்கு இலகுவான அம்பையும் போருக்குக் கனமான அம்பையும் கொண்டனர். 1798இல் சுல்தான் மூன்றாம் ஸலீம் எய்த அம்பு ஏறத்தாழ 889 மீட்டர் சென்றதாகப் பதிவு உண்டு. ஆயினும் போட்டி அம்பு போர்க்களத்திற்கு உதவாது.

வலிய வில்லைத் தேடுவது மட்டும் ஆயத்தமன்று. அதற்குரிய அளவை அறிவதும் ஆயத்தமே.