காட்டத்தியைக் கீறிய கத்தி

விவிலியத்தில் சகேயு ஏறிப் பார்த்த காட்டத்தி, நம் ஊர் அத்திக்கு உறவு மரம். சகாராவுக்குத் தெற்கே அதன் தாயகத்தில் ஒரு சிறு குளவி காய்க்குள் புகுந்து, அங்கே மறைந்திருக்கும் பூக்களுக்கு மகரந்தம் சேர்க்கும். விதை பிடிக்கும், காய் கனியும். எகிப்துக்கு மரம் வந்தது, அந்தக் குளவி வரவில்லை. விதையில்லாத மரத்தைப் போத்து நட்டே பெருக்கினார்கள். காயைக் கீறிக் கனியவைத்தார்கள். எகிப்தியக் கல்லறைகளில் கிடைத்த உலர்ந்த பழங்களில் அந்தக் கீறல் தழும்பாக நிற்கிறது. இரும்பு நகத்தால் கீறிய காய் நான்காம் நாளில் பழுக்கும் என்று கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டையொட்டி எழுதிவைத்தார். இதைக் கிராமத்துக் கைப்பழக்கம் என்று ஒதுக்குவது அநியாயம். காயின் பருவங்களைக் கூர்ந்து கற்றவர்களின் அறிவு இது.

அத்தி இனக் காய் ஒரே சீராகப் பருப்பதில்லை. முதலில் திசுவில் செல்கள் பெருகிக் காய் வேகமாக வளரும். பிறகு வெகுநாள் அப்படியே நிற்கும். கடைசிச் சில நாட்களில்தான் செல்கள் நீரேறி உப்பி, சதை இளகி, இனிப்பு ஏறும். கீறல் அந்த நடுத் தேக்கத்தை உடைக்கிறது: காயம்பட்ட திசு எத்திலீன் வாயுவை வெளியிட, கடைசி வளர்ச்சி அப்போதே தொடங்கிவிடுகிறது. பழுக்கும் ஆப்பிள் எத்திலீனை வெளியிடுவது 1934இல்தான் உறுதியானது. காட்டத்திக் கீறலை ஆராய்ந்து இஸ்ரேலியத் தாவரவியலாளர் கலீல் எழுதியது 1960களில்.

உள்ளே இருக்கும் பூச்சிகளை வெளியேற்றவே கீறினார்கள் என்று பழைய விவிலிய உரைகாரர்கள் சிலர் விளக்கினார்கள். மகரந்தம் சேர்க்காத வேறொரு குளவி எகிப்தியக் காய்களில் முட்டையிடுவது உண்மைதான். ஆனால் கீறும் பருவத்தில் அதற்குச் சிறகே முளைத்திருக்காது. திறந்துவிட்டாலும் எது வெளியேறும்? குளவி முதிருமுன் காய் பழமாகிவிடுவதுதான் கீறலின் பயன். வாயுவின் பெயர் தெரியாதவர்களுக்கு அறிவு ஏது என்று கேட்கலாம். காரணம் அவர்களுக்குத் தெரியாது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் மிக இளம் பிஞ்சைக் கீறினால் அது பழுக்காது. தாமதித்தால் குளவி முந்திக்கொள்ளும். இடைப்பட்ட அந்தச் சில நாட்களை, ஒரே மரத்தில் வெவ்வேறு வயதில் தொங்கும் காய்களுக்கிடையே, அவர்கள் கண்ணால் பார்த்தே தேர்ந்தார்கள். சைப்ரஸில் இந்த வழக்கம் 20ஆம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்தது.