முழுகாத விசுவாசம்: வட திருநெல்வேலியில் இரட்சிப்பும் ஞானஸ்நானமும்

விசுவாசம் மட்டுமே இரட்சிக்குமா, கிரியையும் வேண்டுமா என்ற கேள்வியைப் பவுலுக்கும் யாக்கோபுக்கும் இடையிலான வழக்காகவே நம் இறையியல் கல்லூரிகள் நடத்திவருகின்றன. 1999இல் அகஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்ட பிறகு அந்த வழக்கின் சூடு பெரிதும் ஆறிவிட்டது. ஆறாத வழக்கு ஒன்று இருக்கிறது. முழு மனதோடு விசுவாசித்தும் ஞானஸ்நானம் பெறாமல் வாழ்ந்து இறந்தவர் எந்தக் கணக்கில் சேர்வார்? இதை விசாரிக்கத் தமிழ்நாட்டிலேயே ஓர் இடம் உண்டு.

செட்டியார்பட்டி, இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி அடங்கிய பகுதி 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமையும்வரை திருநெல்வேலியோடு இருந்தது. வட திருநெல்வேலி என்று மிஷனரிகள் அழைத்த இந்தப் பக்கம் 1854இல் தாமஸ் ரக்லண்ட், டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற, ஆங்கிலிக்கன் மிஷனான சி.எம்.எஸ்.ஸின் ஊழியர்கள் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் பிரசங்கித்தார்கள். ரக்லண்ட் 1858இல் சிவகாசியிலேயே இறந்தார். தெற்கே நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கம் நாடார்கள் கூட்டங்கூட்டமாகச் சபையில் சேர்ந்தது இங்கே நடக்கவில்லை. தெற்கத்தி நாடார்களில் பலர் பனையேறிகள். வடக்கத்தியவர்களோ பேட்டையும் கடையுமாகத் தலையெடுத்த வணிகர்கள். உறவின்முறை என்ற சாதிச் சங்கமும் மகமை என்ற பொது நிதியும் அவர்களைக் கட்டிவைத்திருந்தன. கடன், பெண் கொடுக்கல் வாங்கல், பஞ்சாயத்து எல்லாம் உறவின்முறை வழியாகவே. மதம் மாறியவனுக்கு அந்தக் கட்டு அறுந்துபோகும். பெண்ணுக்கோ வீடே போய்விடும்.

ஆனால் விசுவாசம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிவகாசியின் வசதியான இந்து நாடார் வீடுகளில் கிறிஸ்துவையே ரகசியமாக வணங்கிய பெண்களைப் பற்றி எலைசா கென்ட் 2011இல் ஒரு விரிவான ஆய்வு வெளியிட்டார். அவர்கள் ஞானஸ்நானம் பெறவில்லை. இந்துக் குடும்பத்தின் மருமகள்களாகவும் தாய்மார்களாகவுமே இருந்தார்கள்.

இவர்களை எப்படி மதிப்பது? ரோமர் பத்தாம் அதிகாரம் இருதயத்தின் விசுவாசத்தோடு வாயின் அறிக்கையையும் சேர்த்தே சொல்கிறது. யோவான் பன்னிரண்டாம் அதிகாரமோ, ஜெப ஆலயத்தை விட்டுத் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து தங்கள் விசுவாசத்தை மறைத்த அதிகாரிகளைக் கடிந்துகொள்கிறது. இந்த இரண்டையும் எளிதாகத் தாண்டிப் போக முடியாது. மறுபக்கம், மாற்கு பதினாறாம் அதிகாரம் ஆக்கினைத்தீர்ப்பை விசுவாசியாமைக்குத்தான் விதிக்கிறது; முழுகாமைக்கு அல்ல. எனக்கு இவற்றைவிட நாகமானின் கதைதான் முக்கியமாகப் படுகிறது. குணமான அந்தச் சீரியத் தளபதி, தன் எஜமானோடு ரிம்மோன் கோயிலில் குனிய நேரும்போது தன்னை மன்னிக்கும்படி கேட்கிறான். தீர்க்கதரிசி எலிசா அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை, சமாதானத்தோடே அனுப்பிவைக்கிறார். நாகமான் தன் நிலையைத் தீர்க்கதரிசியிடம் மறைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிவகாசிப் பெண்களும் தங்களிடம் வந்துபோன மிஷன் பெண்களிடம் தங்கள் விசுவாசத்தைச் சொன்னார்கள். கேட்டவர்கள் சிலரே என்பதற்காக அது அறிக்கை இல்லை என்று தள்ள முடியாது. யோவான் கடிந்துகொண்ட அதிகாரிகள் இழக்கப் பயந்தது ஜெப ஆலயத்தில் இருந்த இடத்தை. இவர்கள் இழக்க வேண்டியிருந்தது பெற்ற பிள்ளைகளை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது.

இதே நாடார் சமூகத்தில் எதிர்த்திசையில் போனவரும் உண்டு. மிஷனரி கால்டுவெல் நாடார்களைத் தாழ்த்தி 1849இல் எழுதிய நூலால் கொதித்துப்போன சட்டாம்பிள்ளை 1857இல் மிஷனை விட்டுப் பிரிந்து, சனிக்கிழமை ஓய்வுநாளும் யூதச் சுத்த முறைகளும் கொண்ட தனிச் சபையைக் கண்டார். ஐரோப்பியர் நியாயப்பிரமாணத்தைக் கைவிட்டவர்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அவர் கூட்டிய படிகள் வெள்ளைக்காரரிடமிருந்து விடுதலை தந்தன. இரட்சிப்புக்கு அவை எதைச் சேர்த்தன என்று எனக்குத் தெளிவாகவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் தென்கலை வைணவக் கோயில் ஊர் என்பதையும் இங்கே நினைக்கலாம். சரணாகதியும்கூட உபாயம் ஆகாது, பெருமாளே உபாயம் என்பது தென்கலை ஆசான் பிள்ளை லோகாசாரியரின் நிலை. வடகலையின் வேதாந்த தேசிகரோ அருளுக்கு ஒரு வியாஜம் வேண்டும் என்றார். வியாஜம் விலை அல்ல, ஒரு நிமித்தம். ‘விசுவாசம் மட்டும்’ என்பவர் விசுவாசத்தையே ஒரு சாதனையாக ஆக்கிவிடும் ஆபத்தை லோகாசாரியரிடம் கற்கலாம். ஞானஸ்நானத்துக்குத் தேசிகரின் சொல் பொருந்தும் என்பது என் துணிபு: நிமித்தம் வாய்த்தவர் அதை அலட்சியம் செய்வது தவறு, வாய்க்காதவருக்கு அருள் நின்றுபோவதில்லை. மேற்கத்தியச் சபையும் இதை அறியாததல்ல. 392இல் முழுக்குப் பெறுமுன் இறந்த ரோமப் பேரரசன் இரண்டாம் வாலெந்தினியானின் சகோதரிகளுக்கு, அவன் விரும்பியதே போதும் என்று அம்புரோஸ் ஆயர் ஆறுதல் சொன்னார். 1547இல் திரெந்து சங்கமும், நீதிமானாவதற்கு ஞானஸ்நானமோ அதன் மேலுள்ள விருப்பமோ வேண்டும் என்றுதான் எழுதியது.

இப்போது முழுக்கின் விலையை அரசும் நிர்ணயிக்கிறது. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி கிறிஸ்தவர் பட்டியல் சாதியில் சேரமாட்டார். 2024 நவம்பரில், பட்டியல் சாதிச் சான்று கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவர் கிறிஸ்தவர் என்பதற்குக் குழந்தைப் பருவத்து ஞானஸ்நானமும் உச்ச நீதிமன்றத்துக்கு ஆதாரமாயிற்று.

ஆகவே முரண் சிவகாசிப் பெண்களிடம் இருந்ததாக நான் எண்ணவில்லை. சி.எம்.எஸ். ஊழியர்கள் ஏற்றிருந்த முப்பத்தொன்பது பிரமாணங்களில் பதினோராவது, விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுகிறோம் என்கிறது. அதே ஆங்கிலிக்கன் சபையின் 1662ஆம் ஆண்டுப் பொது ஜெப நூலோ, ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவருக்கு அடக்க ஆராதனை செய்யக்கூடாது என்று விதிக்கிறது. தற்கொலை செய்தவரும் சபை விலக்கானவரும் அந்த விதியில் அவரோடு நிற்கிறார்கள். நற்கருணையும் முழுகியவருக்கே. பதினோராம் பிரமாணத்தை உண்மை என்று ஏற்ற ஒரு குரு, அந்தப் பெண் பரலோகத்தில் சேர்வாள் என்று நம்பலாம். தன் பந்தியில் அவளை உட்காரவைக்க முடியாது.