கத்தியும் மருந்தும்: நாவிதர் மரபின் வரலாறு

மட்டாஞ்சேரிக் கடைவீதியிலோ, களமசேரியில் ஆலைகளை அடுத்த தெருவிலோ, முடிதிருத்தும் நிலையத்தில் தலை குனிந்து அமரும் தமிழர் பலர், தமக்குப் பின்னே நிற்பவரின் தொழிலுக்கு எத்துணை நீண்ட வரலாறு உண்டென்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வரலாற்றை அறிய, அவருக்கு மக்கள் வழங்கிய பெயர்களை ஆராய்ந்தாலே போதும்.

தமிழ்நாட்டில் நாவிதருக்கு மருத்துவர், பண்டிதர் என்னும் பெயர்கள் உண்டு. பரியாரி என்னும் சொல் வைத்தியரையும் குறிக்கும், நாவிதரையும் குறிக்கும். அம்பட்டர் என்னும் பழம்பெயரை அம்பஷ்டர் என்ற வடசொல்லோடு இணைத்துக் கூறுவோர் உளர். மனுநூல் அம்பஷ்டருக்கு வகுத்த தொழில் மருத்துவமே. மலையாள நாட்டில் அடுத்தோன், அதாவது அருகில் நிற்பவன், என்றனர். திருவிதாங்கூரின் பழைய நில ஆவணங்களில் பிராணோபகாரி, உயிருக்கு உதவுபவர், என்னும் பெயர் காணப்படுகிறது. ஈமச் சடங்கில் அவருக்கு இருந்த பங்கினால் வந்த பெயர் அது. 1909-ஆம் ஆண்டில் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய ஏழு தொகுதிகளில் இப்பெயர்கள் பதிவாகியுள்ளன.

இப்பெயர்கள் வெறும் உபசாரமல்ல. கூரிய கருவியும் நடுங்காத கையும் உடையவர் ஊரில் அவரே. கட்டியைக் கீறிச் சீழ் அகற்றுவதும் புண்ணுக்கு மருந்திடுவதும் அவர் பணிகளாயின. அவர் வீட்டுப் பெண்டிர் மகப்பேறு பார்த்தனர். பிறப்பிலும் மணத்திலும் இறப்பிலும் அக்குடும்பம் இன்றி ஊரில் ஒன்றும் நடவாது.

பயிற்சி வீட்டிலேயே நடந்தது. தந்தையின் அடைப்பத்தைச் சுமந்து வீடு வீடாகச் சென்ற சிறுவன், சாணைக்கல்லில் கத்தி தீட்டவும், நீர் தடவி மயிரை மென்மையாக்கவும், தோலின் போக்கறிந்து கத்தியை ஓட்டவும் பார்த்துப் பார்த்தே கற்றான். கழுத்தில் கத்தி வைக்க இசைபவர் தம் உயிரையே நம்பி ஒப்படைக்கிறார். ஆதலின் பதற்றமின்மையும், ஒரு வீட்டில் கேட்டதை மறுவீட்டில் உரையாமையும் தொழிலின் அறங்களாயின. கூலி பெரும்பாலும் அறுவடைக் காலத்து நெல்லே.

ஐரோப்பாவிலும் கத்தி பிடித்தவரே அறுவை மருத்துவர். பிரான்சு நாட்டின் புகழ்மிக்க அறுவை மருத்துவரான அம்புருவாஸ் பாரே நாவிதத் தொழில் பயின்றே உயர்ந்தவர். இங்கிலாந்தில் 1540-இல் நாவிதரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டு, 1745-இல் பிரிந்தனர். அங்கே அறுவைக் கலை தனிக் கல்வியாக வளர்ந்தது. இங்கோ அத்தகைய வளர்ச்சிக்கு வாய்ப்பு அமையவில்லை. 1835-இல் சென்னையில் மேனாட்டு மருத்துவப் பள்ளி தோன்றிற்று. 1914-இல் சென்னை மாகாண மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. பரம்பரை அறிவுக்கு அப்பதிவேட்டில் இடமில்லை. மருந்து கைவிட்டுப் போயிற்று. கத்தி மட்டும் எஞ்சியது. மருத்துவர் என்னும் பெயர் தங்கியது. அதற்குரிய மதிப்புத் தங்கவில்லை. உயிருக்கு உதவியவரைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்திய சமூகத்தின் குறை அது.

இன்று தொழிற்பயிற்சி நிலையங்களில் ஒப்பனைக் கலை ஓராண்டுப் பாடமாக உள்ளது, எக்குலத்தவரும் பயிலலாம். தொழில் குலத்தளையினின்று விடுபடுவது நன்றே. ஆயினும் அதை இத்தனை காலம் காத்தவரின் அறிவை மறப்பது நன்றன்று. வெளிமாநிலத்தில் வாழும் நாம், அடுத்தமுறை அந்நாற்காலியில் அமரும்போது, பின்னே நிற்பவரை மரியாதையோடு விளித்துப் பேசுவோமாக. கூலியோடு நாம் அவருக்குச் செலுத்த வேண்டிய பழங்கடன் அது.